பெயர் எடுத்த ஃபைல்கள்

ஜூன் 3, திங்கள்

ஆதிரைக்குப் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கிறது. பழைய ஷூ விரலை இடிக்கிறது என்கிறாள். தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஒரு கரகரப்பு. பிளம்பருக்குச் சொல்லியாயிற்று, வந்தபாடில்லை.

அலுவலகத்தில் விஸ்வநாதன் சார் கூப்பிட்டார். எங்கள் கம்பெனியை வாங்கப்போகிறவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்களாம். நாங்கள் செய்வது கடைகளிலும் மினி பஸ்களிலும் கையில் வைத்து பில் அடிக்கும் சின்ன மெஷின். அதற்குள் ஓடும் மென்பொருளில் எது எங்கள் ஆட்கள் எழுதியது, எது வெளியிலிருந்து எடுத்தது, அப்படி எடுத்ததை எழுதியவர் என்ன உரிமத்தில் கொடுத்திருக்கிறார் என்று ஃபைல் ஃபைலாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பதோடு ஒப்பிட்டுக் காட்ட ஸ்கேனர் என்று ஒரு மென்பொருள் உண்டு.

"தேன்மொழி, உங்களுக்குத்தான் இதுக்குப் பொறுமை உண்டு" என்றார். மற்றவர்கள் எல்லாம் முடியாது என்று சொல்லியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் யுவராஜ் இதே கம்பெனியில் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். மெஷினுக்குப் பொறுப்பே அவர்தான். நான் சேர்ந்தது ஆதிரை பள்ளிக்குப் போன பிறகுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும், "சும்மா சம்பிரதாயம் தேனு. ஸ்கேனரை ஓட விடு, அது சொல்றதை அப்படியே எழுதிக் குடு" என்றார். பிறகு மோட்டார் சத்தத்தைப் பார்க்க மாடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 5, புதன்

இந்த வேலை பிடித்துப்போகும் போலிருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தாங்கள் எழுதிய நிரலை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டு வைக்கிறார்கள். ஃபைலின் தலையில் தன் பெயர், வருடம், கீழே தன் நிபந்தனை. சிலர், எடுத்துக்கொள், என் பெயரை மட்டும் அழிக்காதே என்கிறார்கள். சிலர், எடுத்துக்கொள், ஆனால் இதை வைத்து நீ கட்டி விற்பதையும் இதேபோல் திறந்து வை என்கிறார்கள். ஒருவர், என்றாவது நேரில் பார்த்தால் ஒரு பீர் வாங்கிக் கொடு என்று எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

இரவு உப்புமா. யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 7, வெள்ளி

ஃபைலின் தலையில் எதுவும் இல்லாத மூன்று ஃபைல்கள். தமிழ் எழுத்தை அந்தச் சின்ன பிரிண்டரில் அடிக்க வைக்கும் பகுதி. கெ என்பதை மெஷின் உள்ளே க முதலில், கொம்பு பிறகு என்று வைத்திருக்கும். அச்சடிக்கும்போது கொம்பு முன்னால் வரவேண்டும். அதைத் திருப்பிப் போடுகிற வேலை. சுத்தமாக எழுதியிருக்கிறது. நடுவில் ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ்: கொம்பு முந்திக்கும், கால் பிந்திக்கும்.

எழுதியவர் பெயர் இல்லை. வெளியில் இதுபோல் இருக்கிறதா என்று ஸ்கேனர் தேடட்டும். திங்கள்கிழமை தெரிந்துவிடும்.

சீக்கிரம் வந்துவிட்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய் எல்லாம் பொங்கி வழிந்துவிட்டது. தலைவலி.

ஜூன் 8, சனி

ஷூ வாங்கினோம். கடையில் ஆதிரை என்னவோ பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் எதுவும் விழவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஸ்கேனர் சொல்லிவிட்டது. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். எழுதக் கை வரவில்லை.

அந்த மூன்று ஃபைலும் மதி எழுதியவை. மதியழகன், என் தம்பி. 2019 நவம்பரில் டெங்குவில் போய்விட்டான்.

கொம்பு முந்திக்கும், கால் பிந்திக்கும் என்பது ஈரோட்டில் எங்கள் அம்மா சொன்னது. ஒன்றாம் வகுப்பில் மதி கெ-யும் கா-வும் மாற்றி மாற்றி எழுதுவான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பாட்டுபோலச் சொல்வாள். வேறெந்த வீட்டிலும் நான் அதைக் கேட்டதில்லை.

அவன் பொதுவில் போட்டு வைத்த மூல நிரலை ஸ்கேனர் எடுத்துக் காட்டியது. ச. மதியழகன், ஈரோடு என்று தலையில் இருக்கிறது. கீழே அவன் தேர்ந்தெடுத்த உரிமம், ஜி.பி.எல். அதாவது இரண்டாவது வகை: எடுத்துக்கொள், ஆனால் நீயும் திறந்து வை.

எங்கள் ஃபைலில் அந்தத் தலைப்பு இல்லை. அதற்கு அடுத்த வரியிலிருந்து ஆரம்பிக்கிறது. உள்ளே சில பெயர்களும் மாறியிருக்கின்றன. தலைப்பு தானாக உதிராது. யாரோ உட்கார்ந்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு நாளாக நான் கடையில் வாங்கிய பில்லில் எல்லாம் அவன் இருந்திருக்கிறான்.

ஜூன் 11, செவ்வாய்

எந்த ஃபைலை யார் எப்போது சேர்த்தார்கள் என்று கம்பெனியின் பழைய பதிவில் இருக்கும். திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்று நேரமில்லை. ஆதிரைக்கு நோட்டுகளுக்கு அட்டை போட வேண்டியிருந்தது. யுவராஜ் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டினார். பெயரை அழகாக எழுதுவார். "எங்க வரைக்கும் வந்திருக்கு உன்ற ஸ்கேன்?" என்று கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அட்டையை மடித்துக்கொண்டே, "பிரிண்டர் பக்கமெல்லாம் நாங்களே எழுதுனது. அதை ஓட்டவே வேண்டாம்" என்றார்.

நான் பிரிண்டரைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜூன் 12, புதன்

திறந்து பார்த்தேன்.

ஜூன் 14, வெள்ளி

பிளம்பர் வந்தார். பேரிங் போய்விட்டதாம். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். யுவராஜுக்குப் பிடிக்கும். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் அந்த வார்டைவிட்டு நகரவே இல்லை. ப்ளேட்லெட் தேடி கோயம்புத்தூர் முழுக்க அலைந்தது அவர்தான். தூக்கிக்கொண்டு போன நால்வரில் அவரும் ஒருவர். வந்து குளித்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி அழுதார். கூடப் பிறந்த அண்ணன் இருந்தால்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஜூன் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

ஆதிரை பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மதி எழுதுன ஃபைலை நீங்கதான் உள்ள போட்டீங்களா?"

"எந்த ஃபைலு?"

"கொம்பு."

குழாயை மூடினார். துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியையே திரும்பவும் பிழிந்தார்.

"உள்ள வா தேனு" என்றார். நான் நகரவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து சொன்னார்.

"அப்போ கம்பெனி மூடற நெலமை. தமிழ்ல பில் வந்தாத்தான் எடுப்போம்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க. எங்க யாருக்கும் வரலை. மதிதான் ஒரு நாள் லேப்டாப்பைக் கொண்டாந்து, 'பாருங்க மச்சான், நான் செஞ்சது'ன்னு காமிச்சான். அதை எடுத்துப் போட்டேன்."

"எடுத்தது சரி. பேரை ஏன் எடுத்தீங்க?"

"அந்த லைசென்ஸைப் பார்த்தா மேல இருக்கறவங்க வேண்டாம்பாங்க. நம்ம கோடு மொத்தத்தையும் தொறந்து வெக்கணுமில்ல. அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு…"

"மதிக்குத் தெரியுமா?"

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் இருவருமே சிரித்தோம்.

"தெரியும்" என்றார்.

ஈரோட்டில் ஒரு பேக்கரியில் மதிக்கு எங்கள் மெஷின் பில் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. அது அவன் செய்த பிழை, அவனுடைய மூலத்தில் அப்போது திருத்தாமல் இருந்த பிழை. அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். நேரே இங்கே வந்தான். மாடியில் இவர்கள் இருவரும் பேசியிருக்கிறார்கள்.

"என்ன கேட்டான்?"

"எடுத்த பேரைத் திருப்பி வெச்சிருங்கன்னான். வேற ஒண்ணும் கேக்கலை. 'உங்க கம்பெனிக்கு அந்த லைசென்ஸ் ஒத்து வராட்டி, உங்களுக்குன்னு தனியா வேற மாதிரி நானே எழுதித் தர்றேன் மச்சான், கேட்டா நான் தரமாட்டனா'ன்னான். நாந்தான்… வெளிய தெரிஞ்சா வேலை போயிரும், உங்கக்கா கைக்கொழந்தையோட இருக்கறான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'அக்காகிட்டச் சொல்லமாட்டேன். ஆனா இனி உங்க வீட்டுல உக்காந்து சோறு திங்க என்னால ஆகாது'ன்னான்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இலை போட்டு வைத்திருந்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அதன்பிறகு ஆதிரையின் காதுகுத்துக்கும் அவன் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். வந்தவர்கள் எல்லாம், மாமன் எங்கே, மாமன் எங்கே என்று கேட்டார்கள். தோட்டை மட்டும் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அதற்கப்புறம் நான் அவனோடு பேசவில்லை. பேசியது ஆஸ்பத்திரியில். அப்போது அவனுக்குக் காய்ச்சலில் நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"தேனு, இன்-ஹவுஸ், நாங்களே எழுதுனதுன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது" என்றார்.

ஆதிரையைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன்.

ஜூன் 17, திங்கள்

அலுவலகம் போகவில்லை. துணி துவைத்தேன். அலமாரியில் இருந்த துவைத்த துணியையும் எடுத்துத் துவைத்தேன்.

ஜூன் 19, புதன்

விஸ்வநாதன் சாரிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். எழுதியவர் என் தம்பி என்றேன். யார் தலைப்பை எடுத்தார்கள் என்பதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யுவராஜ் காலைல வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார்மா. ராஜினாமாவும் குடுத்துட்டார்."

வீட்டில் என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வது ஆதிரையைப் பற்றி மட்டும்தான்.

சார் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க தம்பிக்குக் கல்யாணம் ஆகலை. அப்ப வாரிசு உங்கம்மாதான். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா அந்த ஃபைலு வேற உரிமத்துல நமக்கு வந்துரும். சட்டப்படி சரிதான். கேட்டுப் பாக்கறீங்களா? இந்த விற்பனையை நம்பி இங்க நிறையப் பேர் இருக்காங்க."

மிரட்டவில்லை. கெஞ்சினார். மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 22, சனி

ஈரோடு. காலை பஸ்ஸில் தனியாகப் போனேன். அம்மா அரிசியும்பருப்பும் சோறு ஆக்கி வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் முழுவதும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மதி எழுதியது, அதை இவர் எடுத்தது, பேரை அழித்தது, மதி வந்து கேட்டது, சாப்பிடாமல் போனது.

அம்மா கீரை உருவுவதை நிறுத்தவில்லை. காம்பெல்லாம் கீரையோடு போய்க்கொண்டிருந்தது.

"காதுகுத்துக்கு ஏண்டா போகலைன்னு நான் அவனைத் திட்டுன திட்டு…" என்றாள். "கல்நெஞ்சன்னேன். கூடப் பொறந்தவளுக்கு ஆகாதவன்னேன். வாயே தொறக்கலை சாமி. தலையைக் குனிஞ்சுட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டான்."

பிறகு கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். நீ போட்டால் கம்பெனி விற்பது நிற்காது, பலருக்கு வேலை நிலைக்கும் என்பதையும் சொன்னேன். மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அவன் உசுரோட இருக்கறப்ப, கேட்டாத் தர்றேன்னு அவனே வந்து சொன்னானா?"

"சொன்னானாம்."

"அப்ப கேக்கலை. இப்ப அவன் இல்லாதப்ப எங்கிட்ட வந்து கேக்கறாங்களா?" முறத்தைத் தள்ளி வைத்தாள். "என்ற பையன் குடுத்தா அது குடுத்தது. நான் எழுதிக் குடுத்தா அது என்ன சாமி? எனக்கு அதுல ஒரு எழுத்துத் தெரியுமா? நான் போடமாட்டேன்."

சரி என்றேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "மாப்பிள்ளையை வரச்சொல்லு. எங்கிட்ட அவரு வாயால சொல்லட்டும். நீ கூட வரவேண்டாம்."

ஜூன் 24, திங்கள்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எழுதியது: எழுதியவர் ச. மதியழகன். உரிமம் ஜி.பி.எல். தலைப்பு நீக்கப்பட்டிருக்கிறது. எழுதியவரின் அனுமதி இல்லை.

கடைசி வரியைத் தட்டி முடிக்க வெகுநேரமாயிற்று.

ஜூன் 30, ஞாயிறு

யுவராஜ் விடியலிலேயே ஈரோடு போனார். அம்மா வரச்சொன்னாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மதியம் அம்மா போன் செய்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாராம். ஒன்றையும் குறைக்கவில்லை, நீ சொன்னதைவிட அதிகமாகவே சொன்னார் என்றாள். சொல்லி முடித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாராம்.

"நீ என்னம்மா சொன்னே?"

"உக்காருங்கன்னேன். சோறு போட்டேன். அழுதுக்கிட்டே தின்னாரு."

"மன்னிச்சுட்டியா?"

"மன்னிச்சேன்னு எங்க சொன்னேன்? பசிக்குதான்னு கேட்டேன்" என்றாள்.

சாயங்காலம் வந்தவர் ஆதிரையைச் சைக்கிள் ஓட்டக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜூலை 5, வெள்ளி

அவர் ஹாலில் படுப்பது ஏன் என்று ஆதிரை கேட்டாள். அப்பாவுக்கு முதுகு வலி என்றேன். பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்துவிடுகிறார். வேலை தேடுகிறார் என்று நினைக்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ப்ளேட்லெட்டுக்கு அலைந்தது பாசமா, பயமா, செய்ததற்குப் பரிகாரமா? அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

ஜூலை 12, வெள்ளி

வாங்குகிறவர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். விற்பனை நடக்கும். ஆனால் அந்த மூன்று ஃபைலும் இருக்கக்கூடாது. சென்னையில் இரண்டு பேர், பழையதை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், முதலிலிருந்து எழுதுவார்கள். எழுதியதும் எல்லா மெஷினுக்கும் அனுப்பிவிடுவார்கள்.

அவன் ஃபைலை வைத்துக்கொண்டே, அவன் உரிமத்தில் கேட்டபடி எல்லாவற்றையும் திறந்து வைக்கலாமே என்று கூட்டத்தில் சொன்னேன். விஸ்வநாதன் சார் கீழே பார்த்துக்கொண்டார். வாங்குகிறவர்களின் வக்கீல் மிகவும் மரியாதையாக, முடியாதுங்க மேடம் என்றார்.

மெஷினின் திரையில் ஒரு பக்கம் உண்டு. யாரிடமிருந்து எதை எடுத்தோம் என்று பெயர்கள் வரிசையாக வரும். யாரும் திறந்து பார்க்காத பக்கம். உண்மையைச் சொன்னால் அதில் ச. மதியழகன், ஈரோடு என்று வரும், அம்மாவுக்குக் காட்டலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாள் இந்த உரிமங்களையே பார்த்துக்கொண்டிருந்தும், இப்படித்தான் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

ஜூலை 19, வெள்ளி

யுவராஜுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறேன், வார இறுதியில் வருகிறேன் என்றார். சரி என்றேன். பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக் கொடுத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

ஜூலை 26, வெள்ளி

புது ஃபைல்கள் வந்துவிட்டன. கடைசி ஸ்கேன் இன்று. வேறு யாரையாவது பார்க்கச் சொல்கிறேன் என்றார் விஸ்வநாதன் சார். நானே பார்க்கிறேன் என்றேன்.

ஓடி முடித்து, எதுவும் பொருந்தவில்லை என்று காட்டியது. நம்பாமல் நானே ஃபைல்களைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்.

கடைசியில் ஓர் உறுதிமொழி கேட்டார்கள். ச. மதியழகன் என்பவர் எழுதிய எதுவும், ஒரு வரிகூட, இந்த மென்பொருளில் இல்லை என்று உறுதி கூறுகிறேன். கீழே ச. தேன்மொழி என்று கையெழுத்துப் போட்டேன். அவனுக்கும் எனக்கும் ஒரே இன்ஷியல்.

வெளியே வந்து மரத்தடியில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சுதா சாமி?"

"முடிஞ்சுதும்மா."

"இனி அந்த மெஷின்ல என்ற பையன் எழுதுனது எதுவும் இல்லியா?"

"இல்லம்மா."

போனில் அம்மாவுக்குப் பின்னால் தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போவது கேட்டது.

"பேரை வெக்கச் சொல்லித்தானே அவன் கேட்டான்" என்றாள்.

"ஆமாம்மா."

இருவருமே போனை வைக்கவில்லை.